நவக்கிரக டூருக்கு ஆள் சேர்ப்பது: கும்பகோணத்திலிருந்து ஓர் அனுபவம்

கும்பகோணத்தில் எங்களுக்குச் சொந்தமாக இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒரு செடான், ஒரு இன்னோவா. பெரிய குடும்பமாக வந்தால் பக்கத்து டிராவல்ஸில் டெம்போ டிராவலர் எடுத்துக்கொள்வோம். வண்டி, டிரைவர், டீசல் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. போனும் கணக்கும் என் பொறுப்பு. இத்தனை வருடம் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எங்களைப் போன்ற சின்ன டிராவல்ஸ் பணம் கொடுத்து எந்த விளம்பரம் போட்டாலும், போனில் கேட்கிற கேள்விக்குச் சரியான பதில் சொல்வது கொண்டுவருகிற அளவுக்கு ஆளைக் கொண்டுவராது.

போன் செய்கிறவர்களுக்கு வண்டி ஒரு பொருட்டே இல்லை. ஜாதகம் பார்த்தவர் திருநள்ளாறு போகச் சொல்லியிருப்பார். பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் செய்யணும் என்பார்கள். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் திருவெண்காடு. அந்தக் கவலையோடுதான் நம்பரைப் போடுகிறார்கள். ஒன்பது கோயிலும் ஒரே நாளில் முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, எந்தக் கோயிலில் அதிகம் நடக்கணும்? திருநள்ளாறு நள தீர்த்தத்தில் குளித்தால் உடை மாற்ற இடம் இருக்கா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான், "சரிங்க, எவ்வளவு ஆகும்?" என்று வருவார்கள். பல நேரம் அந்தக் கேள்வி வரும்போதே புக்கிங் முடிந்த மாதிரிதான்.

ஆனால் எங்கள் ஊர் டிராவல்ஸ் நோட்டீஸ் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார், நடுவில் மகாமகக் குளம், கீழே ஒரு வெள்ளை வண்டி, அதற்கும் கீழே "குறைந்த கட்டணம், நிறைந்த சேவை". பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று அச்சடித்தவருக்கே தெரியாது. நோட்டீஸ் தப்பு என்று சொல்லவில்லை. லாட்ஜ் வரவேற்பு மேசையில் நம் பெயர் கிடப்பது நல்லதுதான். அதில் வருகிறவருக்குப் பயன்படுகிற ஒரு வரிகூட இருப்பதில்லை என்பதுதான் என் குறை.

நாங்கள் நோட்டீஸில் போடுவதும், விசாரிக்கிறவர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதும் ஒன்றுதான். அது இப்படி இருக்கும்:

"காலை 5.30 கும்பகோணத்தில் கிளம்பினால் 6.30 திங்களூர். திரும்பும் வழியில் கும்பகோணத்தில் டிபன். 9.15 ஆலங்குடி. 10.15 திருநாகேஸ்வரம். 11.15 சூரியனார்கோவில். 11.50 கஞ்சனூர். மதியம் கோயில்கள் நடை சாத்தியிருக்கும். மயிலாடுதுறையில் சாப்பாடு, ஓய்வு. 4 மணி வைத்தீஸ்வரன்கோயில். 5.15 திருவெண்காடு. 6 மணி கீழப்பெரும்பள்ளம். 7.15 திருநள்ளாறு. இரவு 9.30-லிருந்து 10 மணிக்குள் கும்பகோணம். மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர். திருநள்ளாறு காரைக்காலில் இருப்பதால் வண்டிக்குப் புதுச்சேரி பெர்மிட் உண்டு. அது வாடகையில் சேர்ந்தது. பார்க்கிங், டிரைவர் பேட்டாவும் சேர்ந்தது. விசேஷ நாள், சனிக்கிழமைகளில் நேரம் கூடும். குளிப்பதாக இருந்தால் மாற்று உடை, துண்டு கொண்டு வரவும்."

அவ்வளவுதான். படம் கிடையாது, பூ கிடையாது. இதை அனுப்ப ஆரம்பித்த பிறகு, விசாரித்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் குறைந்துபோனார்கள். காரணம் எளிது. எங்களிடம் புக் பண்ணுவது பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிற மகள். வரப்போவது அம்மாவும் அப்பாவும். மகள் இந்த மெசேஜை அப்படியே வீட்டு குரூப்பில் போட்டுவிடுகிறாள். அங்கே ஒரு மாமா, "திங்களூர் ஏன் முதல்ல? அது திருவையாறு பக்கமாச்சே" என்பார். இன்னொருத்தர், மேற்கே தனியாக இருக்கிற அதை முடித்துவிட்டு மற்ற எட்டையும் கிழக்கே பார்த்துக்கொண்டே போவதுதான் வசதி என்று பதில் சொல்வார். வீட்டுக்குள் நடக்கிற அந்தப் பேச்சில் நாங்கள் இல்லை, ஆனால் எங்கள் நேரப் பட்டியல் இருக்கிறது. இதனால்தான் ரீல்ஸ் போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு பையனை வைத்து தாராசுரம் தேர்ச்சக்கரத்தை அழகாக எடுத்துப் போட்டோம். பார்த்தவர்கள் ஏராளம், லைக்கும் வந்தது. அதைப் பார்த்து வண்டி கேட்டவர் என்று எனக்கு ஒருத்தரும் நினைவில் இல்லை.

பட்டியலில் பொய் நேரம் போடக்கூடாது. ஒன்பதையும் முடித்து ஆறு மணிக்கெல்லாம் ஊர் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். மதியம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கோயில் சாத்தியிருக்கும்போது அது எப்படி நடக்கும்? இதே போலத்தான் திருமங்கலக்குடி. சூரியனார்கோவிலுக்குப் போகும் முன் அங்கே பிராணநாதேஸ்வரரைப் பார்த்துவிட்டுத்தான் போகணும் என்று வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. தாராளமாகப் போகலாம், ஆனால் அரை மணி நேரம் கூடும். பிறகு கஞ்சனூர் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்வது கஷ்டம். அதை முதல் நாளே போனில் சொல்லிவிட்டால் "அப்போ காலையில் இன்னும் சீக்கிரம் கிளம்பறோம்" என்பார்கள். வண்டியில் ஏறிய பிறகு டிரைவர் சொன்னால் சண்டை.

கேள்விக்குப் பதில் சொல்லப்போய் வியாபாரமே பெரிதான கதை திருநாகேஸ்வரத்தில்தான் நடந்தது. அங்கே ராகு காலத்தில் செய்கிற பாலாபிஷேகம் விசேஷம்; மேலே ஊற்றுகிற பால் நீலமாக வழிகிறது என்பதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். ராகு காலமோ கிழமைக்குக் கிழமை மாறும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. எங்கள் பட்டியலில் கொஞ்சம் தள்ளினால் பொருந்திவிடும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. ஆலங்குடியைப் பின்னால் தள்ளினால் முடியும். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு. அந்த நேரத்தில் வண்டி திருவெண்காட்டுப் பக்கம் நிற்கும்.

விஜயவாடாவிலிருந்து ஒரு அம்மா, ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும், அன்றைக்கே ஒன்பதும் வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். வாங்க, பார்த்துக்கலாம் என்று சொல்லிக் கூட்டிவந்து, திருநாகேஸ்வரத்தில் வெறும் தரிசனம் செய்யவைத்து அனுப்பியும் இருக்கலாம். நான் மணிக்கணக்கைச் சொன்னேன். "அம்மா, ஞாயிறு மத்தியானம் ரயிலை விட்டு இறங்குங்க. ரூம்ல கொஞ்சம் படுத்து எழுந்திருங்க. நாலு மணிக்கு திருநாகேஸ்வரம், நிதானமா பாலாபிஷேகம். பக்கத்துலயே ஒப்பிலியப்பன் கோயில், அதையும் பார்த்துடலாம். திங்கட்கிழமை காலையில மீதி எட்டு." கொஞ்ச நேரம் யோசித்தவர், அப்படியானால் மறுநாளைக்கும் ஒரு ராத்திரி தங்கி செவ்வாய்க்கிழமை சுவாமிமலை பார்த்துவிட்டுப் போகலாமா என்று அவரே கேட்டார். ஒரு நாள் வாடகை இரண்டரை நாள் வாடகை ஆனது. லாட்ஜுக்கு இரண்டு ராத்திரி, ஹோட்டலுக்கு நாலைந்து வேளை சாப்பாடு. அதன் பிறகு "ஞாயிறு ராகு காலம்" என்றே ஒரு தனிப் பட்டியல் தயார் செய்துவிட்டேன். இன்றைக்கும் அதிகம் போகிற டூர் அதுதான்.

ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வருமானத்தில் பெரிய பங்கு. ஊரில் தெலுங்கில் போர்டு வைத்திருக்கிற லாட்ஜ்கள் உண்டு, டிராவல்ஸ்தான் குறைவு. போன் செயலியிலேயே மொழிபெயர்த்துவிடலாமே என்று பையன் சொன்னான். செய்து பார்த்ததில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் குழம்பின. விஜயவாடாவில் வாழ்க்கைப்பட்ட சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கொடுத்துப் பட்டியலைத் தெலுங்கில் எழுதி வாங்கினேன். அதோடு அவள் குரலிலேயே அதைப் படிக்கச்சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜும் வைத்திருக்கிறேன். எழுத்தைவிடக் குரல்தான் அதிகம் வேலை செய்கிறது. வயதானவர்கள் கண்ணாடி தேட வேண்டியதில்லை. தன் பாஷையில் ஒருத்தி பேசினால் ஒரு தைரியமும் வருகிறது.

பெயர்ச்சி சமயங்கள் தனி. 2025 பிப்ரவரியிலிருந்தே போன் வரத் தொடங்கியது: மார்ச் 29 சனிப்பெயர்ச்சி, திருநள்ளாறுக்கு வண்டி வேண்டும். டிவியிலும் யூடியூபிலும் எல்லா ஜோதிடர்களும் அந்தத் தேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது திருக்கணிதப் பஞ்சாங்கக் கணக்கு. திருநள்ளாறு கோயிலில் பழைய முறைக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கம்தான், அதில் தேதி வேறாக வரும். அங்கே முந்தைய பெயர்ச்சி 2023 டிசம்பர் 20-ல் நடந்தது. அடுத்தது 2026 மார்ச்சில். கோயில் தரப்பிலிருந்தும் இதை அறிவித்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பைவிட ஜோதிடர்களின் வீடியோ வேகமாக ஓடியது.

எங்களுக்கு நிரம்பி வழிகிற புக்கிங். அன்று சனிக்கிழமை, அமாவாசை வேறு. எப்படியும் கூட்டம் இருக்கும். வாடகையை இரண்டு மடங்கு சொன்ன வண்டிக்காரர்களும் உண்டு. நான் ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னேன்: "அன்னிக்கு சுவாமி தரிசனம் பண்ணலாம், ஆனா கோயில்ல பெயர்ச்சி விழா கிடையாது. விழாதான் வேணும்னா அடுத்த வருஷம். எது வேணும்னு வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க." வீட்டுக்காரருக்கு முதலில் வருத்தம்தான். சிலர் ரத்து செய்தார்கள். சிலர், பரவாயில்லை, எங்கள் ஜோதிடர் சொன்ன தேதிதான் எங்களுக்கு என்று வந்தார்கள். அது அவர்கள் நம்பிக்கை. ரத்து செய்தவர்களின் நம்பர்களைத் தனியாக எழுதிவைத்து, 2026 தேதி உறுதியானதும் ஒவ்வொருவருக்கும் மெசேஜ் அனுப்பினேன். "போன வருஷம் வரவேண்டாம்னு சொன்ன மேடம்தானே?" என்று கேட்டுவிட்டு புக் பண்ணினார்கள். ஆலங்குடி குருப்பெயர்ச்சிக்கும் இந்த இரண்டு பஞ்சாங்கக் குழப்பம் உண்டு. ஆகவே கோயில் சார்ந்த டூர் நடத்துகிறவர்கள் டிவி சொல்கிற தேதியை வைத்து விளம்பரம் போடாதீர்கள். கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கூகுள் மேப் பற்றிச் சொல்லாமல் முடியாது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அதில் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அதில் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். இடம் சரியான தெருவில் குத்தியிருக்கிறதா, போன் நம்பர் ஓடுகிறதா, வண்டியின் இப்போதைய படம் இருக்கிறதா. அதற்கு மேல் ரிவ்யூ. காசு கொடுத்தோ தள்ளுபடி கொடுத்தோ ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கே விரோதம். அதைவிட, அப்படி வாங்கிய "சூப்பர், நைஸ் சர்வீஸ்" எல்லாவற்றையும் ஜனங்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யாரையெல்லாம் கூட்டிவந்தீர்கள், எந்தக் கோயிலில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். "எண்பது வயது மாமியாரோடு போனோம், வைத்தீஸ்வரன்கோயிலில் வாசல்வரை வண்டி போகவில்லை, டிரைவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்" என்று ஒருத்தர் எழுதியது எங்களுக்கு எத்தனை வாடகை கொண்டுவந்தது என்று சொல்லவே முடியாது.

கெட்ட ரிவ்யூவும் வரும். "மயிலாடுதுறையில் சும்மா இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள்" என்று ஒற்றை ஸ்டார் போட்டார் ஒருவர். கோபப்படாமல் கீழேயே பதில் எழுதினேன்: மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், எந்த வண்டியில் வந்தாலும் அந்த நேரம் காத்திருக்கத்தான் வேண்டும், அதனால்தான் மின்விசிறியும் கழிப்பறையும் இருக்கிற ஹோட்டலில் நிறுத்துகிறோம். அந்தப் பதிலைப் படித்துவிட்டு, மதியம் தங்க அறை கிடைக்குமா என்று கேட்டுப் போன் செய்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இப்போது வயதானவர்கள் என்றால் மயிலாடுதுறையில் சில மணி நேரத்துக்கு மட்டும் ஒரு அறை பேசிக்கொடுக்கிறோம்.

கழிப்பறை என்று சொன்னேன் அல்லவா, அது ஆண்கள் நடத்துகிற டிராவல்ஸ் யோசிக்காத விஷயம். பெண்கள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ஆண் எடுத்தால் கேட்கவே மாட்டார்கள். வழியில் எந்தப் பெட்ரோல் பங்க், எந்த ஹோட்டல் சுத்தமாக இருக்கிறது என்று டிரைவர்கள் எல்லாரிடமும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறேன். அது மாறிக்கொண்டே இருக்கும், மாதம் ஒருமுறை திருத்துவோம். இதை நோட்டீஸில் போட முடியாது. ஆனால் கேட்காமலேயே நான் சொல்லிவிடுவேன். சொன்னதும் எதிர்முனையில் குரலே மாறிவிடும்.

2024-ல் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட்டது. தலைக்கு 750 ரூபாய், வார இறுதியில், ஒரே நாளில் ஒன்பது கோயில். டிராவல்ஸ் ஸ்டாண்டில் ஒரே புலம்பல். இனி யார் நம்மிடம் வருவார்கள் என்று. எனக்கும் பயம் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர் முழு வண்டி எடுப்பது அவருக்கே கட்டுப்படியாகாது. அந்த மாதிரி கேட்பவர்களுக்கு நானே பேருந்து விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு பக்கம், அந்தப் பேருந்துச் செய்தி எல்லா டிவியிலும் வந்தது. ஒன்பது கோயிலையும் ஒரு நாளில் பார்க்கலாம் என்பது, நாங்கள் எவ்வளவு செலவு செய்தாலும் போய்ச் சேராத வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பேருந்தில் தனியாக வந்துபோனவர், அடுத்த முறை அப்பா அம்மாவோடு வரும்போது வண்டி தேடுகிறார். பேருந்து விவரம் சொன்ன நம்பர் அவர் போனில் இருக்கிறது.

ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்வதில்தான் இன்னும் நிறைய இருக்கிறது. திருபுவனத்தில் பட்டுத் தறி, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை. எல்லாம் அரை மணி தூரத்துக்குள். கிரகத்துக்காக வந்தவர்கள் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள், காட்டினால் அசந்துபோவார்கள். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி, தென்னங்கீற்றை மடித்து மடித்துச் சிலைக்கு அளவு குறிப்பார். பிறகு மெழுகில் உருவம், அதன்மேல் காவிரி வண்டல் மண் பூச்சு, சூட்டில் மெழுகு உருகி ஓடியதும் அந்த வெற்றிடத்தில் உலோகம். வண்டியில் முழு நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இங்கே தலையைத் தூக்குவார்கள்.

இதில் ஒரு வம்பு உண்டு, கமிஷன். பட்டுக்கடையில் நிறுத்தினால் டிரைவருக்குப் பணம், வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிடம் பார்க்க அழைத்துப்போனால் பணம். தொழில் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது, மறைக்க என்ன இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கிற ஏற்பாடு: வாடிக்கையாளர் வாயால் கேட்காத எந்தக் கடையிலும் வண்டி நிற்காது. அதற்கு ஈடாக டிரைவர் பேட்டா ஊர் வழக்கத்தைவிடக் கூடுதல். கையை விட்டுப் போகிற பணம்தான். ஆனால் "அந்த வண்டியில் போனால் கடை கடையாக இழுக்கமாட்டார்கள்" என்று ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்வதை எந்த விளம்பரத்திலும் வாங்க முடியாது. சுவாமிமலையிலும் சிலை வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று முன்பே சொல்லித்தான் கூட்டிப்போகிறோம். லாட்ஜ்காரர்களுக்கு மட்டும் ஆள் அனுப்பினால் ஒரு தொகை கொடுக்கிறோம். அது அவர்கள் செய்த வேலைக்கு. பயணி தலையில் அதை ஏற்றுவதில்லை.

இப்போது வேறு ஒரு கேள்வி வர ஆரம்பித்திருக்கிறது: மகாமகம். 2016-க்குப் பிறகு அடுத்தது 2028 மாசியில். இப்போதே அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறவர்களும் இருக்கிறார்கள். போன தடவை ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு, வண்டிகளை அங்கேயே நிறுத்தினார்கள். குளத்துக்கு நடைதான். அடுத்த முறை போலீஸ் எந்தச் சாலையை எப்படித் திருப்பும் என்பதெல்லாம் கிட்டத்தில்தான் தெரியும். ஆகவே கேட்கிறவர்களிடம் பெயர், ஊர், எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் யாராவது உண்டா என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பணம் வாங்குவதில்லை. குளத்தங்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம் என்று இப்போதே யாராவது சொன்னால் அவரிடம் புக் பண்ணாதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன்.